கேள்வி கேட்கும் கிளப்பில் சேர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். போனில் பேச ஆரம்பித்தால் உனக்கோ எனக்கோ நேரமாகிவிடுகிறது. உன்னைத் தேடி வரும் நீச்சல் கோச் வேலையையும், நீ அனுப்பிவைத்த மெயிலையும் பற்றி அவசரத்தில் பேச எனக்கு மனசில்லை. ஆற அமர உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் அப்படியே படி.

முதலில் நம் நீச்சல் கிளப் செய்தி. மண்டலப் போட்டி போன வாரம் முடிந்தது. பெண்கள் ரிலேயில் நம் பிள்ளைகளுக்கு இரண்டாம் இடம். கடைசியாக நீந்தியவள் யார் தெரியுமா? கிக்போர்டை, அந்த மிதவைப் பலகையை, விடவே மாட்டேன் என்று உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாளே, அவள்தான். தண்ணீரில் இருந்து ஏறியதும் என்னிடம் வந்து, "அக்கா எப்ப வருவாங்க?" என்று முதலில் கேட்டாள், பிறகுதான் பதக்கத்தைக் காட்டினாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 10 வயதுக்கு உட்பட்டோருக்கான 50 மீட்டர் பட்டர்ஃப்ளை நீச்சல். ஒரு சின்னப் பெண் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்து சுவரைத் தொட்டாள். கைதட்டல் அடங்குவதற்குள் நடுவர் கையைத் தூக்கிவிட்டார். இரண்டு கையும் ஒரே சமயத்தில் சுவரில் பட வேண்டும் அல்லவா, அவள் வலது கையை முதலில் வைத்துவிட்டாள். தகுதி நீக்கம். பிள்ளை தேம்பித் தேம்பி அழுகிறது. தலைமைப் பயிற்சியாளர் அவளைத் திட்டவில்லை, சும்மா தட்டிக்கொடுத்தும் அனுப்பிவிடவில்லை. ஈரத்தரையிலேயே அவள் பக்கத்தில் குந்தி, துண்டைப் போர்த்திவிட்டு, "கடைசி ஸ்ட்ரோக்கில் எங்கே பார்த்தே?" என்று கேட்டார். "பக்கத்து லேனை" என்றாள். அவ்வளவுதான். சின்னக் குளத்துக்குக் கூட்டிப்போய், தலையைக் குனிந்தபடி இரண்டு கையாலும் சுவரைத் தொட வைத்தார். அவளே சிரித்துக்கொண்டு போதும் என்கிற வரைக்கும் தொட வைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயிற்சியாளர் வேலை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

அந்த வேலைக்குத்தான் உன்னைக் கேட்கிறார்கள். நீ இருக்கும் ஊர்க் கிளையில் ஜூனியர் பிரிவுக்குத் துணைப் பயிற்சியாளர் வேண்டுமாம். உன் பெயரை அவரே எடுத்தார், நான் வாயைத் திறக்கவே இல்லை. முதல் நிலைப் பயிற்சியாளர் படிப்புக்கு ஆகும் கட்டணத்தில் பாதியை கிளப் ஏற்கும். சம்பளம் பெரிதாக இருக்காது. விடியற்காலையில் எழ வேண்டும். குளோரின் நாற்றம் தலைமுடியை விட்டுப் போகவே போகாது. எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் எடுத்ததும் வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். உயிர்காக்கும் பயிற்சி, முதலுதவி, இரண்டும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். உன்னைத் தெரிந்த இரண்டு பேரிடம் விசாரிப்பார்கள். பிறகு குளத்துக்கே கூட்டிப்போய்க் கேட்பார்கள். "ரெண்டு பையன்கள் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று போட்டி போடுகிறார்கள், வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு முங்குகிறார்கள். நீ என்ன செய்வாய்?" உடனே வெளியே வரச் சொல்வேன் என்று மட்டும் சொல்லாதே, காரணத்தையும் சொல். அப்படி வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைத் தருவதே அந்த வாயுதான். அது குறைந்தால் முட்டல் தெரியாது. ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே சத்தமில்லாமல் மயங்கிப்போவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்கே இது நடக்கிறது. 2021இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயதுகூட ஆகாத குழந்தை. ஒரு நல்ல கிளப் உன்னைத் துருவித் துருவிக் கேட்பது அதனால்தான். கேட்டால் வருத்தப்படாதே. கேட்காத இடத்தில் நீ வேலைக்கே போகக் கூடாது என்பது என் எண்ணம்.

இப்போது நீ சந்தோஷமாக அனுப்பிவைத்த அந்த மெயிலுக்கு வருகிறேன். திரும்பத் திரும்பப் படித்தேன். வெளிநாட்டில் இருந்து மூன்று பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள், ஒரு மாதம் தனிப்பயிற்சி வேண்டும், முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே செக்காக அனுப்பிவிடுகிறேன், டிரைவர் கூட்டி வருவார், நான் கப்பலில் வேலை செய்வதால் போனில் பேச முடியாது. பணிவான எழுத்து, நடுநடுவே கடவுள் ஆசீர்வாதம் வேறு. யாருக்கும் நம்பத் தோன்றும்.

அதில் என்ன இல்லை என்று பார், பாப்பா. பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியுமா தெரியாதா என்று ஒரு வரி இல்லை. குளம் எவ்வளவு ஆழம், பக்கத்தில் உயிர்காப்பாளர் இருப்பாரா, யாருக்காவது ஆஸ்துமா உண்டா, காதில் தொந்தரவு உண்டா, ஒன்றும் இல்லை. நீ யார், எங்கே படித்தாய், இதற்கு முன் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாய் என்றும் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையைத் தண்ணீரில் இறக்கப்போகிற எந்தத் தாய் தகப்பன் இப்படி எழுதுவார்கள்? உன்னை முதன்முதலில் குளத்தில் விட்ட அன்று அம்மா அந்தக் கோச்சை விட்ட பாடில்லை, வழி முழுக்கக் கேள்விதான். இந்த மெயிலில் அக்கறையெல்லாம் மொத்தத் தொகை எவ்வளவு, செக்கில் யார் பெயர் எழுத வேண்டும், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதில்தான் இருக்கிறது.

இந்த மோசடி பழையது. நீச்சல் சொல்லிக்கொடுப்பவர்கள், பாட்டு வாத்தியார்கள், டியூஷன் எடுப்பவர்கள் எல்லாருக்கும் இதே கடிதம் பெயர் மட்டும் மாறிப் போகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நீ சொன்ன தொகையைவிடப் பெரிய தொகைக்குச் செக் வரும். "டிரைவர் கூலியையும் சேர்த்துப் போட்டுவிட்டேன், உன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவருக்கு இன்றைக்கே அனுப்பிவிடு" என்று கெஞ்சலாக ஒரு செய்தி வரும். நீ வங்கியில் போடுவாய். சில நாளில் பணம் கணக்கில் தெரியும். வந்துவிட்டதே என்று மிச்சத்தை அனுப்புவாய். வங்கி கணக்கில் காட்டுகிறது என்பதாலேயே அந்தச் செக் நிஜமாகத் தேறிவிட்டது என்று ஆகாது. பல வங்கிகள் முதலில் வரவு வைத்துவிட்டு, அந்தச் செக்கைக் கொடுத்த வங்கியில் இருந்து பிறகுதான் உறுதி பெறுகின்றன. கள்ளச் செக் என்று தெரிய வாரங்கள்கூட ஆகும். அப்போது முழுத் தொகையையும் உன் கணக்கில் இருந்து திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நீ "டிரைவருக்கு" அனுப்பியது உன் சொந்தப் பணம், அது போனது போனதுதான். சில சமயம் செக்குக்குப் பதிலாக, வேறொருவர் கணக்கில் இருந்து திருடிய பணத்தை உனக்குப் போடுவார்கள். அதை நீ அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டால் உன் கணக்கும் விசாரணைக்குள் வந்துவிடும்.

ஆகையால் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள். உனக்கு வந்த பணத்தில் இருந்து ஒரு பங்கைத் திருப்பி அனுப்பு, இன்னொருவருக்கு அனுப்பு என்று முன்பின் தெரியாதவர் யார் சொன்னாலும், எந்தக் காரணம் சொன்னாலும், அனுப்பாதே. அம்மா ஆஸ்பத்திரியில் என்பார்கள், டிரைவர் வாசலில் நிற்கிறார் என்பார்கள். உன் இளகிய மனசு எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீ அனுப்பிய இன்னொரு விளம்பரத்தையும் பார்த்தேன். இரண்டே நாளில், வீட்டில் இருந்தபடியே, சர்வதேசப் பயிற்சியாளர் சான்றிதழ். அதில் ஃபினா, அதாவது உலக நீச்சல் கூட்டமைப்பின், அங்கீகாரம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. 1908இல் தொடங்கிய ஃபினா 2022 டிசம்பரில் வேர்ல்ட் அக்வாடிக்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. புதிதாக ஆரம்பித்த படிப்பு என்று சொல்லிக்கொண்டு பழைய பெயரையும் பழைய சின்னத்தையும் ஒட்டியிருக்கிறார்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். தண்ணீர்ப் பக்கமே வராமல் நீச்சல் கோச் ஆவது எப்படி? உண்மையான படிப்பில் குளக்கரையில் நின்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும், ஒருவர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். எந்தப் படிப்பாக இருந்தாலும் நீச்சல் சங்கத்தின் அலுவலகத்துக்கு நீயே போன் செய்து, இப்படி ஒன்று உண்டா என்று கேள். விளம்பரத்தில் இருக்கும் எண்ணுக்குப் பேசாதே. வெளிநாட்டுக் கிளப்பில் கோச் வேலை, விசாவுக்கு மட்டும் முன்பணம் கட்டு என்று வருவதும் இதே வகைதான்.

கிளப்புக்குள்ளே சேர்ந்த பிறகும் கவனம் வேண்டும். நான் இத்தனை வருஷம் பொருளாளராக இருந்ததில் பார்த்ததைச் சொல்கிறேன். தலைவர் பெயரில் ஒரு மெயில் வரும்: "மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கக் கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைப் படம் எடுத்து அனுப்பு." பெயர் அவருடையதுதான், முகவரியை எழுத்துக்கூட்டிப் பார்த்தால் ஓர் எழுத்து மாறியிருக்கும். குளத்து வாடகைக்கு வழக்கமாகப் பணம் கட்டுகிற கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் போடுங்கள் என்றும் வரும். நம் கிளப்பில் எந்தப் பணம் வெளியே போனாலும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். கணக்கு எண் மாறினால், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து குரலைக் கேட்டபிறகுதான் மாற்றுவோம். சிலர் இதை அநாவசியத் தொல்லை என்று முணுமுணுத்ததுண்டு. நான் விட்டுக்கொடுத்ததில்லை.

போட்டி நாட்களில் இன்னொன்று. நேரடி ஒளிபரப்பு என்று ஒரு லிங்க் சுற்றும். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி பேத்தி நீந்துவதைப் பார்க்க ஆசைப்பட்டு அமுக்குவார்கள், கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்கும். ஒளிபரப்பு உண்டா இல்லையா, எங்கே பார்க்கலாம் என்பதை உன் பிரிவுப் பெற்றோருக்கு முந்தின நாளே நீ சொல்லிவிடு. வேறு எங்கும் போய்த் தேட மாட்டார்கள்.

பிள்ளைகளின் கட்டணத்தை ஒருபோதும் உன் சொந்தக் கணக்கில் வாங்காதே. "நீங்களே வாங்கிக் கட்டிடுங்க மேடம்" என்று நல்ல மனசோடுதான் சொல்வார்கள். கிளப் கணக்குக்கு அனுப்பச் சொல், ரசீது வாங்கச் சொல். கணக்கு சுத்தமாக இருந்தால் உன் பேச்சுக்கும் மதிப்பு இருக்கும். அதேபோல எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதே. செய்தி அனுப்பினால் பெற்றவர்களும் பார்க்கும்படி அனுப்பு. இதெல்லாம் உன் மேல் சந்தேகப்பட்டுச் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கும் காப்பு, உனக்கும் காப்பு.

தனிப்பயிற்சியே எடுக்காதே என்று சொல்ல மாட்டேன். உன் செலவுக்கு அது உதவுகிறது, உனக்கும் பிடித்திருக்கிறது. புதிதாக யார் கேட்டாலும் முதலில் ஒரு தடவை பெற்றோர் பிள்ளையோடு குளத்துக்கு நேரில் வரட்டும். பிள்ளை தண்ணீரில் முகத்தை வைக்கிறதா, காலை எப்படி அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசு. வர முடியாதவர்கள் வீடியோவிலாவது முகம் காட்டிப் பேசட்டும். முதல் மாதம் முடிகிற வரைக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் அன்றன்றே வாங்கிக்கொள்.

அந்த மெயிலுக்கு இதுவரை பதில் போடவில்லை என்றால் போடவே வேண்டாம். போட்டுவிட்டிருந்தாலும் பயப்படாதே, இத்தோடு நிறுத்திக்கொள். செக் வந்துவிட்டால் வங்கியில் போடாதே. கவரோடு எடுத்துப்போய் வங்கி மேலாளரிடம் காட்டு, காவல்துறையின் சைபர் பிரிவிலும் ஒரு புகார் கொடு. மெயிலை அழித்துவிடாதே, புகாருக்கு வேண்டும். உன்னோடு சொல்லிக்கொடுக்கும் தோழிகளுக்கும் அதைக் காட்டு. அவர்களுக்கும் வந்திருக்கும், வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருப்பார்கள்.

தலைமைப் பயிற்சியாளர் உன் போனுக்காகக் காத்திருக்கிறார். சாயங்காலப் பயிற்சி முடிந்த பிறகு கூப்பிடு, அதற்கு முன்னால் அவர் காதில் எதுவும் விழாது. உன் உயிர்காக்கும் சான்றிதழில் தேதியைப் பார். முடியப்போகிறது என்றால் புதுப்பிக்கும் வகுப்பில் உடனே பெயர் கொடு, அந்தக் கட்டணத்தை நான் கட்டுகிறேன். தோள்பட்டை வலி என்று அம்மாவிடம் சொன்னாயாமே, டாக்டரிடம் போனாயா? பதில் எழுது.

அன்புடன்,
அப்பா