அங்கணம் என்ற சொல்லும் என் சிவப்பு மையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக நான்கு வரி எழுதத் தெரியவில்லை என்ற கவலையை இன்று பலரிடமும் கேட்கிறேன். சேரன்மகாதேவி வட்டாரத்தில் 26 ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருபவன் என்ற முறையில், அந்தக் குறையில் தமிழாசிரியர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் 'எங்கள் வீடு' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னபோது ஒரு மாணவி, 'ஆச்சி அங்கணத்தில் குத்தவைத்துப் பாத்திரம் தேய்க்கும்போதுதான் எனக்குக் கதை சொல்லுவாள்' என்று எழுதியிருந்தாள். நான் அங்கணத்தை அடித்து 'முற்றம்' என்றும், குத்தவைத்து என்பதை அடித்து 'அமர்ந்து' என்றும் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். சில வாரங்கள் கழித்து, குறள் முற்றோதலுக்குப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்த மாலையில், அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள் வந்தது:

'அங்கணத்துள் உக்க அமிழ்தற்றால் தங்கணத்தார்
அல்லார்முன் கோட்டி கொளல்.'

பரிமேலழகர் உரையை ஒட்டி, தம் இனத்தார் அல்லாதவர் முன் பேசுவது தூய்மையில்லாத முற்றத்தில் சிந்திய அமிழ்து போன்றது என்று பொருள் சொன்னேன். அதே மாணவி எழுந்து, "இல்லைய்யா, அங்கணம்னா பாத்திரம் கழுவுத இடம். தண்ணி போறதுக்குக் குழி இருக்கும். அதுல கொட்டுன பாலை அள்ள முடியாதுல்லா?" என்றாள். வள்ளுவர் உவமையின் முழுக் கருத்தும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. அவளிடம் அந்தக் கட்டுரை ஏட்டைத் திரும்ப வாங்கி, என் திருத்தத்தை நானே அடித்தேன். (கோட்டி என்ற சொல்லுக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள், இங்கே அது பித்துப் பிடித்தவரைக் குறிக்கும். குறளில் அது அவையில் பேசும் பேச்சு என்று விளக்க வேண்டியிருந்தது.)

எங்கள் ஊரில் 'மெதுவாக' என்ற பொருளில் அன்றாடம் புழங்கும் 'பைய' என்ற சொல்லும் 1098-ஆம் குறளில் 'பசையினள் பைய நகும்' என்று இருக்கிறது. செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் திசைச்சொல்லை, அதாவது வட்டாரங்களில் வழங்கும் சொல்லை, தொல்காப்பியம் ஏற்றுக்கொண்டிருக்க, அந்த இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடும் நாங்களே பிள்ளைகளின் கட்டுரை ஏட்டில் வீட்டுச் சொல்லைக் கண்டால் 'கொச்சை' என்று குறிப்பெழுதுகிறோம். தான் அறிந்த சொல்லெல்லாம் பிழை என்று கண்ட பிள்ளை, பிறகு வழிகாட்டி நூலில் உள்ள கட்டுரையை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு என்ன செய்யும்? அப்படி எழுதினால் மதிப்பெண்ணும் குறைவதில்லை.

எழுத்து வழக்கின் ஒழுங்கைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஒற்றுப்பிழைக்கும் ணகர, னகர மயக்கத்துக்கும் இன்றும் நான் மதிப்பெண் குறைப்பவன்தான். ஆனால், ஒரு பொருளுக்கு ஊர் வழங்கும் பெயர் பிழையாகாது. கரிசல் வட்டாரச் சொற்களை இடைசெவல் கி. ராஜநாராயணன் அகராதியாகவே தொகுத்தளித்த மண் இது.

கட்டுரை வினாவில் பொருத்தமாக வரும் வட்டாரச் சொல்லுக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று பொதுத்தேர்வு விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்க்குமாறு பள்ளிக் கல்வித் துறையை உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வரி வந்தால், அதைப் பார்த்துக் கீழ்வகுப்பு ஆசிரியர்களும் தங்கள் திருத்தத்தை மாற்றிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.