மாநாட்டில் வாங்கும் புத்தகமும் வாரம் ஒரு நாள் வெளியுலாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹோம்ஸ்கூலிங், அதாவது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளோடு பெரும்பாலும் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று, இப்படிப்பட்ட பெற்றோர் கூடிப் பேச்சு கேட்டு, ஸ்டால்களில் பாடப் புத்தகம் வாங்கும் மாநாட்டின் மேடை; மற்றது அருங்காட்சியகத்தில் சிரித்தபடி நிற்கும் பிள்ளைகள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் மாநாட்டில் வாங்கிய பாடத்தொகுப்பே அருங்காட்சியகத்துக்குப் போக நேரம் விடாமல் செய்துவிடுவதும் உண்டு. அதை யாரும் எழுதுவதில்லை. பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கும் பெற்றோர் என்ற முறையில் கணக்கோடு சொல்லிவிடுகிறோம்.

விற்பனைக்கு வரும் தொகுப்புகளில் பல, வாரத்துக்கு 5 பாடம், ஆண்டுக்கு 36 வாரம் என்று 180 பாடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வாரத்தில் ஒரு நாளை வெளியே போக ஒதுக்கினால் மிஞ்சுவது 4 நாள். அதே 180 பாடம் அப்போது 45 வாரம் இழுக்கும். காய்ச்சல், விருந்தாளி, வீடு மாற்றம் எல்லாம் சேர்ந்தால் ஆண்டு போதாது. அப்போது முதலில் வெட்டுப்படுவது வெளியுலாதான். பெற்றோரின் நேரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பாடத்துக்கு 20 நிமிடம் பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால், கணக்கு, மொழி என்று நாளுக்கு 4 தொகுப்பிலிருந்து ஒவ்வொரு பாடம், 3 பிள்ளைகள் என்று 240 நிமிடம் ஆகிறது. சமையலையும் கைக்குழந்தையையும் சேர்க்காமலே 4 மணி நேரம்! ஆகவே ஸ்டாலில் விலையைக் கேட்பதற்கு முன், இதில் பிள்ளை தானாகச் செய்வது எவ்வளவு, நாம் கூட இருக்க வேண்டியது எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

மாதிரிக்கு முதல் பாடத்தைத்தான் காட்டுவார்கள். முதல் பாடம் எந்தப் புத்தகத்திலும் அழகாகத்தான் இருக்கும். 120-வது பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். கணக்குப் புத்தகம் என்றால், ஒரு பக்கத்தில் எத்தனை கணக்குகள், முன்பு படித்தது நடுநடுவே திரும்ப வருகிறதா, விடைப் புத்தகத்தில் செய்முறையும் இருக்கிறதா அல்லது வெறும் விடைதானா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். அட்டையில் போட்டிருக்கும் வகுப்பு எண்ணை நம்ப வேண்டாம். ஒரு பதிப்பகத்தின் 4-ஆம் வகுப்பு இன்னொன்றின் 3-ஆம் வகுப்பாக இருக்கலாம். பிள்ளையின் நிலையை அறியும் தேர்வைப் பல பதிப்பகங்கள் இலவசமாகவே தருகின்றன. அதை வீட்டில் எழுத வைத்த பிறகு வாங்கினால் போதும். எழுதித் தீர்க்கும் பயிற்சி ஏட்டை அடுத்த பிள்ளைக்கு மறுபடியும் வாங்க வேண்டியிருக்கும். அதை நகல் எடுக்கும் உரிமை ஒரு குடும்பத்தோடு நிற்கிறதா, சேர்ந்து படிக்கும் குழுவுக்கும் உண்டா என்பது பெரும்பாலும் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முதல் நாள் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து, இரவு தூங்கி எழுந்து மறுநாள் வாங்குங்கள். ஆசை பாதி வடிந்திருக்கும்.

மாநாட்டு அமர்வுகளைப் பொறுத்தவரை, பெரிய மேடைப் பேச்சு பிறகு ஒலிப்பதிவாகக் கிடைப்பதுண்டு. இருபது பேர் உட்காரும் அறையில் நடக்கும் கேள்வி பதில் கிடைக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் சின்ன அறைக்கே போகலாம். பேச்சாளரே வெளியில் தன் புத்தகத்தை விற்கிறார் என்றால் பேச்சில் பாதி விளம்பரம். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் கெடுதல் இல்லை. அவரிடம் கேட்க வேண்டியவை: பிள்ளைகளுக்கு என்ன வயது, வீட்டில் உதவிக்கு யார் இருக்கிறார்கள், இதற்காக எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பலர் தயாராக வந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் அதற்கு உண்மையான பதில் வருகிறது.

சின்னப் பிள்ளைகளை மாநாட்டுக்கு அழைத்துப் போவதானால், காலையில் உடை மாற்றியதும் ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள். காணாமல் போனால் சட்டை நிறம் நினைவுக்கு வராது. போன் நம்பரை முன்கையின் உட்புறம் எழுதுங்கள். பெயரை வெளியே தெரியும்படி தொங்கவிட வேண்டாம். தவறிவிட்டால் சந்திக்கும் இடமாக எந்த ஸ்டாலையும் சொல்லாதீர்கள். கடைசி நாள் மதியமே அதைப் பிரித்து எடுத்திருப்பார்கள். தூண், படிக்கட்டு, நுழைவாயில் என்று நகராத ஒன்றைச் சொல்லுங்கள்.

வெளியுலாவுக்கு வருவோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற அவாவில்தான் பெரும்பாலானவை கெடுகின்றன. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-ல் அருங்காட்சியகக் களைப்பு பற்றி எழுதினார். காட்சிப் பெட்டிகளில் உள்ளதைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாகவே எடுத்துக் காட்டினார். வளர்ந்தவர்களுக்கே அந்தப் பாடு. பிள்ளைக்கோ நுனிக்காலில் நின்றாலும் கண்ணாடியில் விழும் விளக்கொளிதான் தெரியும். "போர் அடிக்குது" என்று அது சொன்னால், முதலில் அதன் உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நீங்களே பாருங்கள். ஒரு கூடம், 3 பொருள், 40 நிமிடம் போதும். ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து வரையட்டும். பல இடங்களில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். நோட்டைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்து எழுதக் கூடாது என்பதால் கெட்டி அட்டை ஒன்று வேண்டும். பள்ளிக் கூட்டம் காலையில் வந்து மதியத்துக்குள் கிளம்பிவிடுவது வழக்கம். அதன் பிறகு போனால் வழிகாட்டிக்கும் பேச நேரம் இருக்கும். மாணவர் கட்டணத்துக்குப் பள்ளி அடையாள அட்டை கேட்பார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, வந்த பதிலைக் கையோடு எடுத்துப் போனால் கவுன்டரில் வாக்குவாதம் மிச்சம்.

காட்டுக்கோ தோட்டத்துக்கோ போனால் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கை லென்ஸ் போதும். பிள்ளைகள் அதைக் கை நீட்டிப் பூவின் மேல் பிடித்துவிட்டுத் தலையைத் தள்ளி வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். மங்கலாகத் தெரியும், உடனே சலித்துவிடும். லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, கட்டைவிரலைக் கன்னத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். இலையை மறு கையால் மெல்லக் கிட்டே கொண்டுவந்தால், சுமார் 2.5 செ.மீ. தூரத்தில் ரோமம் ரோமமாகத் தெளியும். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டிருந்தால் நடுங்காது. பறிக்கக் கூடாத இடமென்றால் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமல் செடியிடம் குனிய வேண்டும். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

இரவு வானம் பார்ப்பதற்குக் கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். யாராவது ஒருவர் போனைத் திறந்தால் அவ்வளவும் வீண். சிவப்புக் காகிதம் சுற்றிய சிறு டார்ச் தவிர வேறு வெளிச்சம் வேண்டாம்.

இன்னொன்று, பதிவு. சட்டம் கேட்கும் நாடுகளிலும் சரி, கேட்காத நாடுகளிலும் சரி, அன்று மாலையே தேதி, இடம், நேரம், எந்தப் பாடத்தோடு சேரும் என்பதையும், பிள்ளை தன் வாயால் சொன்ன ஒரு வாக்கியத்தையும் எழுதி வையுங்கள். மறுநாள் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் வராது. நுழைவுச் சீட்டை அப்படியே ஒட்டி வைப்பதில் பயனில்லை. பல சீட்டுகள் தெர்மல் பேப்பர், அதாவது சூட்டால் எழுத்து பதியும் காகிதம். சில மாதங்களில் எழுத்து வெளுத்துவிடும். மேலே டேப் ஒட்டினால் அதன் பசை பட்டு இன்னும் சீக்கிரம் அழியும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் சிலர்