இரவுக் கணக்கெடுப்பில் லத்தியால் கம்பியைத் தட்டுவதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்: பெண்கள் தனிச்சிறையில் உள்ள ஆயுள் தண்டனைக் கைதியின் அக்கா (பெயர், கைதி எண் இணைப்பில்)

பெறுநர்: சரக சிறைத்துறைத் துணைத் தலைவர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிறைக் கண்காணிப்பாளரிடம் நேரில் கொடுத்த மனுவுக்கும், தங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய மனுவுக்கும் பதில் இல்லாததால் மறுபடி எழுதுகிறேன்.

1. என் தங்கை இருப்பது இரண்டாம் பிளாக்கின் கடைசி அறை. தாங்கள் ஆய்வுக்கு வந்து பார்த்த இடம்தான்.

2. ராத்திரி கைதிகளை எண்ணிக் கணக்கு எடுக்க வரும் வார்டர் அம்மா, வரிசையாகக் கம்பியில் லத்தியை இழுத்துக்கொண்டே வந்து, கொண்டியில் ஒரு தட்டு தட்டி, முகத்தில் டார்ச் அடிக்கிறார். என் தங்கையின் புருஷன் குடித்துவிட்டு வந்தால் முதல் அடி கதவுத் தாழ்ப்பாளில்தான் விழும், கட்டையால். அப்புறம்தான் இவள்மேல். இடது காது போனது அப்படித்தான். இப்போது லத்திச் சத்தம் கேட்டால் சுவரோடு ஒண்டிக்கொள்கிறாள், இருந்த இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. கூட இருப்பவர்கள் முன்னால் காலையில் அவளையே கழுவச் சொல்கிறார்கள். "நடிக்கிறா" என்கிறார்கள். மனு போட்டு அவளைப் பார்க்கப் போனபோது சொன்னாள்: "அடைச்சதுலேர்ந்து அந்தச் சத்தம் எப்ப வரும்னே உக்காந்திருக்கேன்க்கா."

3. கணக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடட்டும், கை தூக்குவாள்.

4. தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கூப்பிட்டதும் எழவில்லை என்று அதற்கும் ஏச்சு. மனநல மருத்துவரிடம் காட்டக் கேட்டால் எப்போதும் வழிக்காவலுக்கு, அதாவது கூட்டிப் போக, போலீஸ் இல்லை என்கிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆவது பிரிவுப்படி, மனநோய் உள்ள கைதி யாரும் இங்கே இல்லை என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டுமாமே. இந்தச் சிறையிலிருந்து என்ன எழுதிப் போகிறது ஐயா?

5. செய்த கொலைக்குத் தண்டனை அனுபவிக்கிறாள், அதில் எங்களுக்கு வழக்கு இல்லை. ஆனால் புருஷன் கொடுமை தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்த ஒரு தாயின் வழக்கில், நாள்பட்ட கொடுமையையும் பார்த்துத்தான் குற்றத்தை எடைபோட வேண்டும் என்று 1989-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கோர்ட்டு கணக்கில் வைக்கும் அடி, தங்கள் கேட்டுக்குள் வந்ததும் நடிப்பாகிவிடுமா? அந்த பிளாக்கில் அடி வாங்காமல் வந்து சேர்ந்தவள் யார் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். புருஷனோ, அப்பனோ, யாரோ ஒருத்தன் கை வைக்காத உடம்பு அங்கே எத்தனை? அவர்களுக்குத்தான் நடுராத்திரியில் லத்திச் சத்தம்!

6. கோபத்தில் எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம். லத்தியைக் கம்பியில் தட்டாதீர்கள் என்று தாங்கள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரசுக்கு ஒரு பைசா செலவில்லை.

ஆகவே, லத்தியும் முகத்தில் டார்ச்சும் இல்லாமல் கணக்கு எடுக்க உத்தரவிடுமாறும், பெண் காவலர் வழிக்காவலோடு அவளை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள் ஐயா. லத்தியை மட்டும் இன்று ராத்திரியே நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கைதியின் அக்கா

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல், பதிவுத் தபால் ரசீது, காது சிகிச்சைச் சீட்டு.