வெப் ஆப் கற்றுத்தரும் வடசென்னை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், பைத்தான் என்ற நிரல்மொழியில் வேலை. சாயங்காலமானால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் லேப்டாப்போடு வருவார்கள். திரும்பத் திரும்ப ஒரே கோளாறு: சர்குலர் இம்போர்ட். ஒரு கோப்பு இன்னொன்றில் இருப்பதை வரவழைப்பதுதான் இம்போர்ட்; இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று அப்படிக் கேட்டுச் சுற்றிக்கொண்டால் அது சர்குலர்.

போன வாரம் வந்த பெண்ணின் அப்பா காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறார். அவருடைய மீன் ஏலக் கணக்குக்காக ஃபிளாஸ்க்கில் (பைத்தானில் வெப் ஆப் கட்டும் கருவி) ஒரு ஆப் செய்கிறாள். எல்லாம் ஆப்.பை என்ற ஒரே கோப்பில் இருந்தவரை ஓடியது. டேட்டாபேஸ் டேபிள்களின் விவரத்தை மாடல்ஸ்.பை என்று தனியாகப் பிரித்து, 'ஃபிளாஸ்க் ரன்' கட்டளையால் ஓட்டியதும் நின்றுவிட்டது. ஆப்.பையின் இரண்டாம் வரி மாடல்ஸைக் கூப்பிடுகிறது. மாடல்ஸின் முதல் வரி ஆப்பிடமே டிபியை, அதாவது டேட்டாபேஸைக் கையாளும் பொருளை, கேட்கிறது. டிபி உருவாவதோ ஆப்.பையின் ஐந்தாம் வரியில். பாதி படித்த கோப்பு அதை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்?

வகுப்பில் கேட்டதற்கு, "இம்போர்ட்டைக் கீழே தள்ளிப் போடும்மா" என்றார்களாம். போட்டு, ஆப்.பையை நேரடியாக ஓட்டினாள். எர்ரர் போனது, ஆனால் டேபிளே உருவாகவில்லை. இரண்டு ராத்திரி தூங்காமல் தேடியிருக்கிறாள். காரணம் இதுதான்: அப்படி நேரடியாக ஓட்டினால் பைத்தான் அதற்கு 'மெயின்' என்று பெயர் வைக்கும். மாடல்ஸ் 'ஆப்' என்று கேட்டதும், அது வேறு ஏதோ என்று நினைத்து அதே கோப்பை மறுபடி ஏற்றும். இப்போது டிபி இரண்டு. டேபிள் விவரம் ஒன்றில், டேபிள்களை உருவாக்கும் கிரியேட் ஆல் கட்டளை ஓடுவது இன்னொன்றில். அவள்மேல் என்ன தப்பு?

சரி செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எக்ஸ்டென்ஷன்ஸ்.பை என்று மூன்றாவது கோப்பு. அதில் டிபி மட்டும். நம் கோப்பு எதையும் அது இம்போர்ட் செய்யாது. மாடல்ஸும் ஆப்பும் அதனிடம் வாங்கிக்கொள்ளும். ஆப்பை ஒரு ஃபங்ஷனுக்குள் (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் நிரல்துண்டு) உருவாக்கி, அங்கேயே இனிட் ஆப் என்ற கட்டளை கொடுத்து டிபியை இணைத்தோம். அப்புறம் படகு டேபிளும் ஏல டேபிளும் ஒன்றையொன்று குறிப்பிட வேண்டியிருந்தது. இரண்டையும் இணைக்கும் ரிலேஷன்ஷிப் வரியில், மற்ற டேபிளை விவரிக்கும் கிளாஸின் பெயரை மேற்கோளுக்குள் எழுதினால் போதும், அதற்கென்று இம்போர்ட் வேண்டாம்.

இம்போர்ட்டைக் கீழே தள்ளுவதையோ, ஃபங்ஷனுக்குள் வைப்பதையோ தவறு என்று சொல்லவில்லை. அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன். ஆனால் காரணம் சொல்லாமல் அதைப் பழக்கிவிடாதீர்கள். அடுத்த பேட்ச்சில், கோப்பைப் பிரிக்கும் முதல் நாளே, யார் யாரை இம்போர்ட் செய்கிறார்கள் என்று போர்டில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். அம்பு சுற்றித் திரும்பி வரும் இடத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு புரோகிராமர்