பழைய வீட்டில் ஆபீஸ் வைக்கப் போகிறவர்களுக்கு

புதுச்சேரியில் பழைய வீடுகளை வாடகைக்கு எடுத்து அலுவலகம் அமைக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். 20 வருஷமாக இந்த ஊரில் உள் அலங்கார வேலை எடுத்துச் செய்கிறவன் நான். போன மாதம் உங்களில் ஒருவர் கூப்பிட்டார். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் பகுதியில் ஒரு வீடு. 15 அடி உயரத்தில் தேக்கு உத்தரம் போட்ட மட்டப்பா என்கிற தட்டைக் கூரை, தரையில் பதித்த சிவப்பு ஓடு, தெருப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் ஜன்னல்கள். "பார்த்ததும் ஒரு வார்ம் லுக் வேண்டும், ஆனால் புரொஃபஷனலாகவும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். 9 அடியில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். ஒரு சுவர் முழுக்கச் செங்கல் அச்சடித்த வால்பேப்பர். தரையில் மரம் மாதிரி வினைல். நிஜ மரம் தலைக்கு மேலே இருக்கிறது, நிஜச் செங்கல் சுவருக்குள் இருக்கிறது. இரண்டையும் மூடிவிட்டு அதே மாதிரி ஒன்றை ஒட்டச் சொல்கிறார். எனக்குக் காசு வருகிற வேலைதான். ஆனாலும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு வீட்டின் சுவர்களுக்குப் புட்டி இழுத்து, விலை உயர்ந்த பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவது ஐப்பசி மழைக்கு இடுப்பு உயரம் வரை கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் தோல் போல உரிந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. ஓதம், அதாவது ஈரம், மண்ணிலிருந்து மேலே ஏறும். சுவர் வழியாகவே ஆவியாக வெளியேறும். அந்த வழியை நான் அடைத்துவிட்டேன். பார்க்க வந்த வயதான கொத்தனார் ஒருவர், "சுண்ணாம்பு அடிச்சிருந்தா அதுவே குடிச்சிட்டு அதுவே வெளிய விட்டிருக்கும் தம்பி" என்றார். முழுவதையும் சுரண்டி, காய விட்டு, சுண்ணாம்பு அடிக்க என் கைக்காசு போனது. சிமெண்ட் பூசினாலும் இதே கதைதான்.

சுண்ணாம்பில் துளி மஞ்சள் காவி கலந்து மூன்று கை அடித்த சுவரில் காலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். நீங்கள் படத்தில் காட்டும் அந்த வார்ம் அதில் இருக்கிறது. இதை விட்டுவிட்டுப் பூச்சைக் கொத்திச் செங்கல்லைக் காட்டும் மோகம் வேறு இப்போது வந்திருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்தச் செங்கல் மென்மையானது, பூச்சுக்குள் இருப்பதற்காகவே வைத்துக் கட்டியது. வெளியே விட்டால் கடற்கரை உப்புக் காற்றில் பொடிப்பொடியாக உதிர்ந்து உங்கள் கணினி மேலேயே விழும்.

அடுத்தது கூரை. உத்தரத்தின் மேல் சட்டங்கள், அதன் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் கோணமாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. ஃபால்ஸ் சீலிங் போட்டால் ஏசி பில் குறையும், உண்மைதான். ஆனால் மேலே ஒரு சட்டம் கறையான் அரிக்கிறதா, ஒரு மூலையில் ஈரம் கசிகிறதா என்பது யாருக்கும் தெரியாமல் போகும். கடற்கரைச் சாலையில் நின்ற மேரி கட்டடம், 19ஆம் நூற்றாண்டு நகரசபைக் கட்டடம், கவனிப்பாரற்றுக் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை இந்த ஊர் பார்த்தது. பழைய முகத்தோடு புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். உங்கள் வாடகை வீட்டுக்கு யார் அப்படிக் கட்டித் தருவார்கள்?

குளிர்ச்சிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். எல்லா அறைக்கும் ஏசி வேண்டியதில்லை. கூட்டம் நடக்கும் அறைக்கு மட்டும் வையுங்கள். அதன் வெளிப்பெட்டியைத் தெருப் பார்த்த சுவரில் தொங்கவிடாமல் பின்கட்டில் வையுங்கள். மற்ற இடத்தில் நீளத் தண்டு வைத்த மின்விசிறி போதும். அந்தப் பெரிய ஜன்னல்களில் சாய்த்து வைத்த மரப்பட்டிகள் அழகுக்கு மட்டும் இல்லை. வெயில் ஏறும்போது மூடி, மத்தியானம் கடற்காற்று திரும்பியதும் திறந்து வைப்பதற்காகச் செய்தவை. அதைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டு, அப்புறம் புழுக்கம் என்று சொன்னால் எப்படி?

வயரிங்குக்குச் சுவரில் காடி வெட்டாதீர்கள். குழாயை வெளியே, உத்தரத்தின் ஓரமாக நேர்கோட்டில் ஓட்டினால் அதுவே ஒரு அழகு. விளக்கு விஷயத்தில்தான் இந்த வீடுகள் பாதி கெடுகின்றன. குழல் விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் தேக்கு சாம்பலாகத் தெரியும். சுவருக்கும் நடைக்கும் 2700 முதல் 3000 கெல்வின் வரை மஞ்சள் சாயல் விளக்கு, வேலை செய்யும் மேசைக்கு மட்டும் 300 முதல் 500 லக்ஸ் கிடைக்கிற மாதிரி தனி விளக்கு. கண்ணும் வலிக்காது, அறையும் மருத்துவமனை ஆகாது. உயரக் கூரையில் பேச்சு எதிரொலிக்கும் என்பது நியாயமான புகார். அதற்குக் கனத்த பருத்தித் திரை, கோரைப் பாய், துணி போர்த்திய பலகை, நிறையக் கோப்பும் புத்தகமும் அடுக்கிய திறந்த அலமாரி. மேசை நாற்காலி எதுவானாலும் சுவரில் அறையாமல் தனியாக நிற்கட்டும். பிரம்பு பின்னிய நாற்காலி இங்கே இன்னும் கிடைக்கிறது. மூலையில் பாடாத கிராமபோன் மட்டும் வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன்.

பழைய வீட்டில் தொழில் நடத்துவது ஒன்றும் உங்களோடு வந்த பழக்கம் இல்லை. ரங்கப்பிள்ளை வீதியில் 1738இல் கட்டிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இன்னும் நிற்கிறது, கீழே தமிழ் வீட்டு முறை, மேலே பிரெஞ்சு முறை. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக, இருந்த அந்த மனிதர் தன் பாக்குக் கிடங்கில் உட்கார்ந்து வியாபாரமும் அரசியலும் பேசியதை நாட்குறிப்பில் அடிக்கடி எழுதியிருக்கிறார். வாய்க்காலுக்கு மேற்கே தமிழ் வீடு எடுத்தவர்கள் வரவேற்பறைக்கு எங்கும் தேட வேண்டாம், திண்ணை இருக்கிறது. வந்தவர் வெயிலுக்கு ஒதுங்கி உட்கார, வீட்டுக்குள் வராமலே விஷயத்தைப் பேசிவிட்டுப் போக, அதற்கென்றே கட்டிய இடம். வைசியாள் வீதியில் திண்ணைகளையும் தாழ்வாரங்களையும் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து மீட்டெடுத்தார்கள்; 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். நீங்களோ அதே திண்ணையைக் கண்ணாடியால் அடைத்து உள்ளே ஒரு சோபா போடுகிறீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு முழு நாள் அந்த வீட்டில் சும்மா இருந்து பாருங்கள், முடிந்தால் மழை பெய்கிற நாளாக. எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெளிச்சம் வருகிறது, எங்கே சொட்டுகிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். அதை வைத்துத்தான் மேசை எங்கே என்று முடிவு செய்ய முடியும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் தேவைப்பட்டால் இன்டாக்கில் கேளுங்கள்.

போன மாதம் அழைத்த அன்பருக்கு: ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்றால் திங்கட்கிழமையே வருகிறேன். அந்த உத்தரங்களில் யாரோ எப்போதோ அடித்த பச்சை எனாமல் பெயிண்ட் இருக்கிறது, முதலில் அதைச் சுரண்ட வேண்டும். உயர ஏணி என்னிடமே இருக்கிறது.