ஸ்னைப் மேசைக்கு வண்டிகள் வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் எகிப்தில் நடந்த எல் அலமைன் போரின் ஒரே ஒரு நாளை, ஸ்னைப் என்ற இடத்தில் சண்டை நடந்த 1942 அக்டோபர் 27-ஐ, சிறு மாதிரி வண்டிகளை வைத்து முழுதாக மேசையில் ஆடிப் பார்க்க வேண்டும் என்று நம் குழு முடிவெடுத்திருக்கிறது. அதற்குத் தேவையான வண்டிகளும் பீரங்கிகளும் இப்போது நம்மில் யாரிடமும் முழுதாக இல்லை. எல்லாவற்றையும் சேர்ந்தே கட்டி, சேர்ந்தே வண்ணம் பூசி, யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடும்படி ஒரு பொதுத் தொகுப்பாக வைக்கப் போகிறோம். அதற்காகத்தான் உங்களிடம் பணமும் பொருளும் உழைப்பும் கேட்கிறோம்.

பொதுத் தொகுப்பு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நாம் ஒவ்வொருவரும் மனதுக்குப் பிடித்த வண்டியைத்தான் வாங்குகிறோம். ஆளாளுக்கு ஒரு டைகர், அதாவது ஜெர்மானியக் கனரக டாங்கி, இருக்கிறது. அலமைனில் ஒரு டைகர்கூடச் சண்டையிடவில்லை. அவை வட ஆப்பிரிக்காவுக்கு வந்ததே அதற்குப் பிறகு, துனீசியாவுக்கு. அலமைனில் உண்மையாகவே கூட்டம் கூட்டமாக நின்ற இத்தாலிய எம்13/40, எம்14/41 டாங்கிகள் நம்மில் அநேகமாக யாரிடமும் இல்லை. ஒருவர் கையிலிருப்பது 1/56, அதாவது அசலில் 56-இல் ஒரு பங்கு அளவு; இன்னொருவருடையது 1/100. ஒருவருடைய பாலைவன மஞ்சள் இன்னொருவருடைய மஞ்சளோடு ஒட்டாது. கிடைத்ததை எல்லாம் மேசையில் அடுக்கி ஆடலாம்தான், ஆனால் அந்த நாள் அங்கே இருக்காது.

அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அக்டோபர் 26 இரவு, பிரிட்டிஷ் ரைஃபிள் பிரிகேடின் 2-ஆவது பட்டாலியன், கிட்னி ரிட்ஜ் அருகே லேசாகக் குழிந்த ஒரு மணல் தரையில் போய் இறங்கியது. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த சங்கேதப் பெயர் ஸ்னைப். சுமார் 300 பேர். கையில் 19 ஆறு-பவுண்டர் டாங்கி எதிர்ப்பு பீரங்கிகள், 57 மில்லிமீட்டர் குழல் கொண்டவை. விடிந்ததும் ஜெர்மானிய, இத்தாலிய டாங்கிகள் சுற்றிலும் இருப்பது தெரிந்தது. பின்னாலிருந்து உதவிக்கு வந்த சொந்தப் பக்கத்து ஷெர்மன் டாங்கிகளே முதலில் அடையாளம் தெரியாமல் இவர்கள் மேல் சுட்டன. பொழுது சாயும் வரை அந்தக் குழி தாக்குப்பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகள் அதன் முன்னால் எரிந்து நின்றன.

மதியம் ஒரு கட்டத்தில், முன்னேறி வந்த இத்தாலிய டாங்கிகளை நோக்கித் திரும்பியிருந்தது ஒரே ஒரு பீரங்கிதான். சார்ஜென்ட் காலிஸ்டன் குறி பார்த்தார். பட்டாலியன் தலைவர் விக்டர் டர்னரே குண்டு நிரப்பினார். லெஃப்டினன்ட் டாம்ஸ் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய்க் குண்டுகள் எடுத்து வந்தார். டர்னருக்குத் தலையில் காயம். பிற்பாடு அவருக்குப் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. எதிரில் முப்பது மில்லிமீட்டர் தகட்டை ரிவெட் அடித்துச் சேர்த்த டாங்கிகளில் உட்கார்ந்து, திறந்த மணலில் நேரே முன்னேறி வந்த இத்தாலியர்களின் துணிச்சலும் அதே அளவு மரியாதைக்குரியது. இரு பக்கத்தையும் ஒரே அக்கறையோடு கட்டி நிறுத்த வேண்டும் என்பதில் குழுவில் எல்லாருக்கும் ஒரே கருத்து.

சரி, என்னென்ன வேண்டும்? 19 ஆறு-பவுண்டர்கள், அவற்றின் ஆட்களோடு. இருபது இத்தாலிய டாங்கிகள். ஜெர்மானிய டாங்கிகளில் பன்னிரண்டு பான்சர் 3, நான்கு பான்சர் 4. ஒன்பது ஷெர்மன்கள், அதாவது தலா மூன்று டாங்கிகள் கொண்ட மூன்று ட்ரூப். இவற்றோடு பிரென் கேரியர்கள் (டிராக்கில் ஓடும் சிறு கவச வண்டிகள்), ஜீப்புகள், சில லாரிகள். அளவு 1/72. இதில் ஷெர்மன் சுமார் 8 சென்டிமீட்டர் நீளம் வரும். கை நீட்டும் தூரத்தில் நின்று பார்த்தாலே எது எம்14, எது பான்சர் 3 என்று தெரியும். பழைய அளவு என்பதால் பலர் அலமாரியில் தொடாத கிட்டுகள் (நாமே ஒட்டிக் கட்ட வேண்டிய மாதிரிப் பெட்டிகள்) கிடக்கும் என்பது இன்னொரு காரணம். பெரிய அளவில் போகலாமே என்று கேட்டவர்களுக்கு: ஆறடி நீள மேசையில் இத்தனை வண்டிகளை 1/56-இல் நிறுத்தினால் நகர்த்த இடம் இருக்காது.

விளையாட்டுக்கான மாதிரி காட்சிக்கான மாதிரியைப் போன்றதல்ல. நூறு கைகள் தூக்கி வைக்கும். அதனால் மெல்லிய ஆன்டெனாவும் இழுவைக் கொக்கியும் வேண்டாம். உடையக்கூடிய பீரங்கிக் குழல்களை எடுத்துவிட்டுப் பித்தளைக் குழாய் பொருத்துவோம். மென்மையான வினைல் டிராக்குகளில் பசையும் பிடிக்காது, பெயின்ட்டும் உரிந்து வரும். ஆகவே கடின பிளாஸ்டிக் டிராக் உள்ள கிட்டுகளே வேண்டும். மேல்பூச்சாக முதலில் பளபள வார்னிஷ், அது காய்ந்த பிறகு மேட் வார்னிஷ். முதல் பூச்சு தேய்மானத்தைத் தாங்கும்; இரண்டாவது மினுமினுப்பை அடக்கும். அடியில் காந்தத் தாள் ஒட்டினால் இரும்புத் தட்டு பதித்த பெட்டியில் ஆடாமல் நிற்கும். இந்தக் கடைசி வேலைக்கு யாரும் மனதாரச் செலவு செய்வதில்லை. ஆனால் மாதிரிகள் உடைவது பெரும்பாலும் மேசையில் அல்ல, பெட்டியில்தான்.

வண்ணத்தில்தான் அதிக விவாதம் நடந்தது, அது நல்லதே. ஜெர்மானிய வண்டிகளுக்கு 1942 மார்ச்சில் விதிக்கப்பட்ட ஆர்ஏஎல் 8020 (ஜெர்மானிய நிறப் பட்டியலின் எண்) மணல் பழுப்பு அடிப்படை. 1941 தொடக்கத்தில் வந்தவை சாம்பல் நிறத்திலேயே இறங்கி, அங்கேயே மேல்பூச்சு வாங்கியவை. அப்படி எஞ்சிய ஒன்றிரண்டுக்கு மட்டும் ஓரங்களில் சாம்பல் தெரிய விடுவோம். பிரிட்டிஷ் பக்கத்துக்கு லைட் ஸ்டோனா, டெசர்ட் பிங்க்கா என்று பிரிவுக்குப் பிரிவு பார்த்து முடிவு செய்வோம். எந்த நிறமானாலும் கொஞ்சம் வெள்ளை கலந்துதான் அடிக்க வேண்டும். சின்ன மாதிரியில் அசல் நிறம் அப்படியே அடித்தால் இருண்டுபோய்த் தெரியும். ஒவ்வொரு படைக்கும் ஒரே கலவை, ஒரே ஏர்பிரஷ், ஒரே நாள். அதன் பிறகு வாஷும் (பள்ளங்களில் ஓடவிடும் நீர்த்த பெயின்ட்) டிரைபிரஷும் (கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது) அவரவர் கையில். ரிவெட் நிறைந்த இத்தாலிய டாங்கிக்கு டிரைபிரஷ் கொடுக்கும் அழகு வேறு எதற்கும் வராது. துரு மட்டும் அதிகம் வேண்டாம். அது வறண்ட பாலைவனம். அங்கே மணல் பெயின்ட்டைத் தேய்க்கும், தூசி எல்லாவற்றையும் மூடும்.

குழு மிகவும் ஆசைப்படும் ஒரு சேர்க்கையும் உண்டு. அலமைன் தாக்குதலுக்கு முன்பு பிரிட்டிஷார் ஆபரேஷன் பெர்ட்ராம் என்ற பெயரில் பெரிய ஏமாற்று வேலை ஒன்று நடத்தினார்கள். திரைப்படத் துறையிலிருந்து வந்த ஜெஃப்ரி பார்காஸ் தலைமையிலான உருமறைப்புப் பிரிவு, சட்டமும் கேன்வாஸும் கொண்டு சன்ஷீல்டு என்ற கூடுகளைச் செய்தது. டாங்கியின் மேல் இரண்டு பாதியாகக் கவிழ்த்தால் வானிலிருந்து பார்க்கும் விமானிக்கு அது லாரி. வடக்கே டாங்கிகள் லாரிகளாக நின்றன. தெற்கே வெறும் பெட்ரோல் டின்களை வரிசையாக வைத்து, தண்ணீர்க் குழாய் போடுவதாகப் பொய்த் தடம் காட்டினார்கள். முழு அளவில் மாதிரி கட்டி ஒரு போரின் போக்கை மாற்றியவர்கள் அவர்கள். நம் கைவேலைக்கு இதைவிடப் பெருமையான முன்னோர் யார்? 1/72-இல் பன்னிரண்டு சன்ஷீல்டுகள் செய்ய விரும்புகிறோம். ஆட்டத்தில் எதிராளி லாரி என்று நினைத்திருப்பதைத் தூக்கினால் உள்ளே ஷெர்மன் இருக்கும். அல்லது ஒன்றும் இருக்காது. இந்த ஆட்டம் ஸ்னைப்புக்கு முந்தைய நாட்களுக்கானது, ஆனால் அதே வண்டிகளே போதும். கிட்டாக வாங்கத் தேவையில்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாளும் பொறுமையும் இருந்தால் சரி.

பணம் எங்கே போகும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பகுதி இத்தாலிய டாங்கிகளுக்கும் ஆறு-பவுண்டர்களுக்கும், ஏனென்றால் இவை நன்கொடையாக வர வாய்ப்பு குறைவு. அடுத்து ப்ரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு), பெயின்ட், வார்னிஷ், டிகால் (ஒட்டும் சின்னங்கள்). அப்புறம் புகை உறிஞ்சும் ஸ்ப்ரே பெட்டி ஒன்றும் நல்ல முகமூடிகளும். பலர் ஒரே அறையில் ப்ரைமர் அடிக்கும்போதும் ரெசின் (வார்த்தெடுத்த பிசின்) பாகங்களைத் தேய்க்கும்போதும் இவை இல்லாமல் வேலையைத் தொடங்க மாட்டோம். இதில் சிக்கனம் பார்க்க முடியாது.

கொடுப்பதைப் பங்காகக் கொடுக்கலாம்: ஒரு பீரங்கியும் அதன் ஆட்களும், ஒரு டாங்கி, அல்லது மூன்று டாங்கிகள் கொண்ட ஒரு ட்ரூப். ஒரு பங்குக்கு எவ்வளவு என்று பொருளாளர் சொல்வார். அதற்கும் குறைவாகத் தர முடிந்தால் பெயின்ட் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். எந்தத் தொகையும் சிறியதல்ல. விரும்புகிறவர்களின் பெயரை வண்டியின் அடியில் எழுதுவோம். வரவு செலவு ஒவ்வொரு கூட்டத்திலும் ரசீதுகளோடு மேசையில் இருக்கும். எஞ்சும் பணம் வேறு எதற்கும் திரும்பாது. உடைந்ததைப் பழுது பார்க்க மட்டுமே.

பணம் முடியாதவர்கள் வேறு வழியில் உதவலாம், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். பாதி கட்டிய 1/72 கிட், சக்கரம் இல்லாத லாரி, மீதமுள்ள ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) எல்லாமே வேண்டும். பான்சர் 3-களின் மேல் மணல் மூட்டைகளும் உபரி டிராக் துண்டுகளும் பெட்ரோல் கேன்களும் அடுக்கியிருந்தார்கள் அல்லவா, உங்கள் டப்பாவில் கிடக்கும் துண்டுகள் அங்கே போய்ச் சேரும். தவறான நிறம் பூசியதும் பரவாயில்லை, உரித்துவிடலாம். காய்ந்துபோன பெயின்ட்டும், அளவு தெரியாத ரெசின் வார்ப்புகளும் மட்டும் வேண்டாம்.

கைகளும் வேண்டும். இதுவரை பிரஷ் பிடிக்காதவர்கள் தயங்காமல் வாருங்கள். ரெசின் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவது, வார்ப்புக் கோடுகளைச் சுரண்டுவது, சக்கரங்களைப் பிரித்து அடுக்குவது எல்லாம் முதல் நாளே கற்றுக்கொள்ளலாம். நான்காவது டாங்கிக்கு வருவதற்குள் வாஷ் போடப் பழகிவிடுவீர்கள். கருவிகள் பொதுவில் இருக்கும்.

கிட்டோ பாகங்களோ தருகிறவர்கள் அதனுடன் ஒரு துண்டுத் தாளில் மூன்றைக் குறித்து வையுங்கள்: அளவு, எந்தப் பாகம் குறைகிறது, முன்பு பசையோ பெயின்ட்டோ பட்டிருந்தால் என்ன வகை. எனாமலா அக்ரிலிக்கா என்று தெரிந்தால் எதைக் கொண்டு உரிப்பது என்று எங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்