கிட் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: லாக் கட்டளைக்கும் அந்த வசதி வேண்டும்

வணக்கம்.

நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் உங்கள் கிட் மென்பொருளின் வெளியீட்டை வைத்துச் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுகிறவன் நான். குறை ஒன்றுதான்: தரவுக்குள் வரும் மேற்கோள் குறி போன்றவற்றை, அடுத்த நிரல் தடுமாறாதபடி லாக் கட்டளை மாற்றித் தருவதில்லை. அதற்கான மருந்தை 2006லேயே நீங்கள் செய்து வைத்துவிட்டு, வேறொரு கட்டளைக்குள் பூட்டிவிட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மாற்றப் பட்டியலை ஜேசன் (நிரல்கள் படிக்கும் ஒரு தரவு வடிவம்) கோப்பாகத் தர வேண்டும். எல்லோரையும் போல நானும் மாற்றங்களை வரிசையாகக் காட்டும் 'கிட் லாக்' கட்டளையின் ஃபார்மட்டுக்குள்ளேயே (வெளியீடு எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் வரி) அடைப்புக்குறியும் மேற்கோள் குறியும் போட்டு, நடுவில் கமிட் (பதிந்த ஒரு மாற்றம்) தலைப்பு வரும்படி எழுதினேன். பல மாதம் ஓடியது. ஒருநாள் ஒருவர் தலைப்பில் "சேமி" பொத்தான் என்று இரட்டை மேற்கோளோடு எழுதினார், கோப்பு உடைந்தது. சரி, மேற்கோளுக்கு முன்னால் பின்சாய்கோடு சேர்ப்போம் என்று, உரையில் தேடி மாற்றும் செட் (sed) கட்டளையை எடுத்தால், சட்டகத்துக்காக நான் போட்ட மேற்கோள்களும் சேர்ந்து மாறின. எது சட்டகம், எது சரக்கு என்று கலந்த பிறகு பிரிக்க நான் என்ன அன்னப்பறவையா?

கலக்கும் முன்பே இரண்டையும் தனித்தனியாக அறிந்திருப்பது கிட் மட்டும்தான். கிளைகளையும் டேக்குகளையும் பட்டியலிடும் 'ஃபார்-ஈச்-ரெஃப்' கட்டளையில் இதை அழகாகச் செய்திருக்கிறீர்கள். ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் நிரல்), பெர்ல், பைத்தான், டிசிஎல் என்று நான்கு மொழிகளுக்கு நான்கு தேர்வுகள். கேட்ட மொழிக்கு ஏற்ற மேற்கோளோடு ஒவ்வொரு புலமும் (பெயர், தலைப்பு போன்ற தரவுத் துண்டு) வருகிறது. நான்குக்கும் விதி வேறு. ஷெல்லில் ஒற்றை மேற்கோளுக்குள் ஒற்றை மேற்கோளை எழுதவே முடியாது, மூடித் திறக்க வேண்டும்; டி'சில்வா என்ற பெயர் 'டி'\''சில்வா' ஆகிறது. பெர்லுக்குப் பின்சாய்கோட்டையும் ஒற்றை மேற்கோளையும் கவனித்தால் போதும். பைத்தானில் வரிமுறிவையும் மாற்றியாக வேண்டும். டிசிஎல்லில் இரட்டை மேற்கோளுக்குள் சதுர அடைப்புக்குறி வந்தால் அது கட்டளையாகவே ஓடிவிடும். இத்தனையையும் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்காரரும் தனியாகக் கற்றுத் தனியாகத் தவறு செய்ய வேண்டுமா?

(ஷெல் தேர்வைக் கொடுத்துவிட்டு, ஃபார்மட்டில் புலத்தைச் சுற்றி நாமும் ஒற்றை மேற்கோள் போட்டால் கதை கந்தல். இரண்டும் ஒன்றையொன்று மூடிக்கொண்டு, உள்ளே இருப்பது பாதுகாப்பில்லாமல் வெளியே நிற்கும். நானும் செய்திருக்கிறேன்.)

உடைந்த ஜேசன் வெறும் எரிச்சல்தான், கிளைப் பெயர் (தனியாக நடக்கும் ஒரு மாற்ற வரிசைக்கு இடும் பெயர்) ஆபத்து. இடைவெளி, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி எல்லாவற்றையும் கிளைப் பெயரில் தடுக்கிறீர்கள். டாலர், வளைவு அடைப்புக்குறி, அரைப்புள்ளி, பைப் ஆகியவற்றை விட்டுவிடுகிறீர்கள். இடைவெளிதான் இல்லையே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது, ஷெல்லின் ஐஎஃப்எஸ் மாறி இடைவெளியாக விரியும். முன்பின் தெரியாத ஒருவர் இழுவைக் கோரிக்கை (தன் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்பது) அனுப்பினால், கிளையின் பெயரை வைப்பவர் அவர். அந்தப் பெயரை அப்படியே ஷெல் வரிக்குள் ஒட்டும் தானியங்கி ஸ்கிரிப்ட், அவர் சொன்ன கட்டளையை ஓட்டும்.

புலங்களுக்கு நடுவே பூஜ்ய பைட்டை (மதிப்பு 0 உள்ள பைட்) வைத்துப் பிரித்துக்கொள்ளலாமே என்பீர்கள். இன்று நான் செய்வதும் அதுதான். பைத்தானில் பிரித்து, அதன் ஜேசன் நூலகத்திடம் ஒப்படைக்கிறேன். ஆனால் பாஷ் என்ற ஷெல்லின் மாறிக்குள் பூஜ்ய பைட் தங்காது. மூன்று வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுத வந்தவர் இதையெல்லாம் தேடிப் படிக்கப் போவதில்லை, செட்டைத்தான் எடுப்பார்.

எஸ்கேப் செய்வது (சிக்கல் தரும் குறிகளை மாற்றி எழுதுவது) கிட்டின் வேலையே இல்லை என்றும் நீங்கள் சொல்ல முடியாது. கோப்புப் பெயரில் நான் 'அ' என்று எழுதினால், யாரும் கேட்காமலே அதை \340\256\205 என்று சி மொழி பாணியில் காட்டுகிறீர்கள். எந்த மொழிக்கு வேண்டும் என்று எங்களைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஜேசனில் நியாயமான சிக்கல் ஒன்று உண்டு. கோப்புப் பெயர் வெறும் பைட்டுகளின் வரிசை. அது சரியான யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) ஆக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஜேசனுக்கோ யூனிகோட் வேண்டும். ஆனாலும் கிட்டைப் போன்ற மென்பொருள்களில் மெர்க்கூரியல் லாகை ஜேசனாகத் தருகிறது, சப்வெர்ஷன் எக்ஸ்எம்எல்லாகத் தருகிறது.

ஏற்கெனவே எழுதி வைத்த அந்த நான்கு தேர்வுகளையும் லாக், பிராஞ்ச், டேக் கட்டளைகளின் ஃபார்மட்டுக்கும் திறந்துவிடுங்கள். ஐந்தாவதாக ஜேசனைச் சேருங்கள். யூனிகோடுக்குள் அடங்காத பைட் வந்தால் பிழை காட்டி நின்றுவிடட்டும், அதைக் கையாள எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
செட் கட்டளையோடு மல்லுக்கட்டிய ஒரு பயனர்